கீழ்த்தாடையின் சாட்சி

உயிரோடு எதிரில் உட்கார்ந்திருந்த ஒரு மனிதனைப் பார்த்து, அவனுடைய தாயாரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, 'இவன் உங்கள் பிள்ளை இல்லை' என்று நான் ஒருமுறை தீர்ப்புச் சொல்லியிருக்கிறேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. குடித்திருக்கவும் இல்லை. பகல் பதினொன்றரை மணி. வயிறு நிறைய இட்லி சாப்பிட்டுவிட்டு, முகத்துக்குப் பவுடர்கூடப் போட்டிருந்தேன். இருபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. வாயால் சொல்ல வெட்கமாக இருப்பதால் எழுதிப் பார்க்கிறேன்.

எனக்கு ஊர் சித்தூர். பிழைப்பு திருப்பதியில். ஒரு பல் டாக்டரின் கிளினிக்குக்குப் பின்புறம், முன்பு யாருடைய சமையலறையாகவோ இருந்த அறையில், பல்செட் கட்டிக்கொடுப்பது என் வேலை. டாக்டர் வாயைப் பார்ப்பார். நான் வாயின் நகலைப் பார்ப்பேன். அவர் எடுத்து அனுப்பும் அச்சில் பிளாஸ்டர் ஊற்றி, அது இறுகியதும் பிரித்தால், ஒரு மனிதனின் தாடை வெள்ளை வெளேரென்று கையில் வந்துவிடும். இப்படி நூற்றுக்கணக்கான தாடைகள் என் அறை அலமாரியில் இருந்தன. புதிதாக வருகிறவர்கள் கதவருகிலேயே நின்றுவிடுவார்கள். தண்ணீர் கேட்டு வந்த போஸ்ட்மேன்கூட இரண்டாவது முறை வேறு இடத்தில் கேட்டுக்கொண்டார்.

எனக்குப் பயம் கிடையாது; கர்வம்தான் இருந்தது. இரண்டு வருட கோர்ஸில் மற்றவர்கள் அரைகுறையாகத் தள்ளிவிட்டுப் போன பாடத்தை நான் காதலித்துப் படித்தேன். நிலைப்பற்களின் வடிவம். மனிதனுக்கு முப்பத்திரண்டு. ஆனால் எட்டைத் தெரிந்துகொண்டால் போதும். மீதியெல்லாம் அதன் சாயல்தான். உளி போல இரண்டு வெட்டுப்பற்கள், வீட்டு மூலைக்கல் போல ஒரு கோரைப்பல், அதற்குப் பின்னால் இரண்டு சின்னக் கடைவாய்ப்பற்கள், மூன்று பெரிய கடைவாய்ப்பற்கள். அந்த மூன்றில் கடைசியை ஞானப்பல் என்கிறார்கள். சிலருக்கு அது முளைப்பதே இல்லை. எனக்கு நான்கும் முளைத்தன. பயன் ஒன்றும் இல்லை.

கீழே கிடக்கும் ஒற்றைப் பல்லை எடுத்துக்கொடுத்தால், மேலா கீழா, இடமா வலமா என்று கண்ணை மூடித் தடவியே சொல்வேன். வெட்டுப்பல்லில் மூக்குக்கு நேராக வரும் மூலை கூராக இருக்கும். காதுப் பக்கத்து மூலை மழுங்கி வளைந்திருக்கும். வேரின் நுனி பெரும்பாலும் பின்பக்கம் சாயும், எதிர்க்காற்றில் நடக்கிறவனின் வேட்டி மாதிரி. மேல் கடைவாய்ப்பல்லுக்கு மூன்று கால்கள், கீழ்க் கடைவாய்ப்பல்லுக்கு இரண்டு. மேலே முதல் கடைவாய்ப்பல்லின் தலையில் நான்கு குன்றுகள், அவற்றில் இரண்டை இணைத்துச் சாய்வாக ஒரு வரப்பு. கீழே ஐந்து குன்றுகள், நடுவே ஓடைகள். உருப்பெருக்கியில் பார்த்தால் எங்கள் ஜில்லாவின் குப்பம் ஊர்ப்பக்கத்துப் பாறைமேடுகளை மேலிருந்து பார்ப்பதுபோல் இருக்கும்.

ஒருவன் உயிரோடு இருக்கும்போதே அவனுடைய எலும்புக்கூட்டில் நமக்குத் தெரிகிற பாகம் பல் மட்டும்தான். பல் எலும்பே இல்லை என்று புத்தகம் திருத்தும். புத்தகத்துக்கு அது ஒரு வழக்கம், மனிதன் கொஞ்சம் பயப்படுகிற நேரம் பார்த்துத் திருத்தும். வகுப்பில் ஐந்து வயதுக் குழந்தையின் மண்டையோடு ஒன்று இருந்தது. தாடையின் வெளிப்புறத்தை மெல்லிய அட்டை கனத்துக்குச் சீவி எடுத்திருந்தார்கள். வெளியே பொரியரிசி போலப் பால்பற்கள். உள்ளே, எலும்புக்குள்ளே, பெரிய ஆளின் பற்கள். முழு அளவில், வரிசை கலைந்து, ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து, கண்குழிக்குக் கீழேவரை ஏறி, இடம் காலியாகக் காத்துக்கொண்டிருந்தன. அன்றிலிருந்து எந்தக் குழந்தை என்னைப் பார்த்துச் சிரித்தாலும் எனக்குச் சிரிப்பு வருவதில்லை. தாய்மார்கள் தப்பாக எடுத்துக்கொள்கிறார்கள்.

அவன் முதலில் வந்தது தொண்ணூறுகளின் தொடக்கத்தில். நாடு தன் கதவைத் திறந்துவிட்டது என்று பத்திரிகைகள் எழுதிக்கொண்டிருந்த நேரம். திறந்த கதவு வழியாக எங்கள் பக்கத்து ஆட்கள்தான் முதலில் வெளியே போனார்கள். இவன் வடமாலபேட்டையிலிருந்து உள்ளே தள்ளிய ஒரு கிராமம். அப்பா இல்லை, அம்மா, கல்யாணமான அக்கா. கூலிக்குப் போய்ச் சேர்த்து வாங்கிய கொஞ்சம் நிலம். டீசல் இன்ஜினைச் சுற்றும்போது கைப்பிடி திருப்பி அடித்து மேல் வெட்டுப்பல் ஒன்று போய்விட்டது.

"ஏஜென்ட்டு சொல்லிட்டாண்ணா. பல்லு இல்லாதவன் போட்டோவ அரபிக்காரன் தூக்கிப் போட்டுருவானாம்."

"குவைத்துல டிரைவர் வேலைக்குப் பல்லு எதுக்கு?" என்றேன்.

"ஹாரன் வேல செய்யலன்னா இன்னா பண்றது? நானே எறங்கிக் கடிக்கணும் இல்ல."

இருவரும் சிரித்தோம். அவன் வாயில் அந்த இடைவெளி வழியாக நாக்கு தெரிந்தது.

அந்த மாதம்தான் எங்களுக்கு வெளிநாட்டு அச்சுப் பவுடர் வந்திருந்தது. அதுவரை ஒரு பழுப்புக் கட்டியைச் சுடுநீரில் இளக்கி நோயாளியின் வாயில் திணிப்போம். அவர் எங்கள் பரம்பரையை நினைத்துக்கொள்வார். புதுப் பவுடரோ தண்ணீரில் குழைத்தால் புதினா வாசம் வீசும். அந்த வாரம் பார்த்த வாயில் எல்லாம் அதைப் போட்டுக்கொண்டிருந்தோம். இவனுக்கும் டாக்டர் மேலும் கீழும் அச்செடுத்தார். நான் பிளாஸ்டர் ஊற்றினேன். மேல்தாடை அச்சின்மேல் ஒற்றைப் பல் வைத்துப் பிளேட் கட்டும்போது, கடைசியில் அந்த அச்சை உடைத்துத்தான் வேலையை வெளியே எடுக்க வேண்டும். அதனால் மேல்தாடை போய்விட்டது. மேல்பல்லும் கீழ்ப்பல்லும் கடிக்கும்போது சேருகிறதா என்று பார்க்க வைத்திருந்த கீழ்த்தாடை மிஞ்சியது. அதன் அடியில் பென்சிலால் ஊர்ப்பெயரும் 'குவைத்' என்றும் எழுதி அலமாரியில் வைத்தேன். அவன் பல்லோடு போட்டோ எடுத்துக்கொண்டு, பல்லோடு விமானம் ஏறினான்.

ஒன்பது வருடம் கழித்து அவன் அம்மா என் அறை வாசலில் வந்து நின்றார். கூடவே அவருடைய மருமகன், அதாவது அக்காவின் புருஷன். அந்த அம்மா தாடைகளைக் கண்டு தயங்கவில்லை. நேராக உள்ளே வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். ஒரு கண்ணில் ஆபரேஷன் செய்த பச்சைக் கண்ணாடி.

"நீதான பல்லு கட்டறவன், நைனா?"

எங்கள் பக்கம் பெற்றவரும் நைனாதான், பிள்ளை வயசுக்காரனும் நைனாதான். டாக்டர் ஊரில் இல்லை, வெள்ளிக்கிழமை வாருங்கள் என்றேன்.

"டாக்டரு இன்னாத்துக்கு? செஞ்சவன் நீ. உன் கையிக்குத்தான தெரியும்."

மருமகன் விஷயத்தைச் சொன்னார். சாவதானமாக, ஆபீசில் மனு படிப்பதுபோல.

"சார், இவங்க புள்ள குவைத் போனான். நாலு வருசம் லெட்டர் வந்துது. அப்பறம் வர்ல. அப்பறம் அங்கேர்ந்து ஒருத்தர் வந்து, ரோட்ல அடிபட்டு செத்துட்டான், சட்டைல இவன் ஐடி கார்டு இருந்துதுன்னு சொன்னாரு. பொணம் வர்ல. வைக்கோல்ல ஆள் மாதிரி கட்டி, கொளுத்தி, காரியமெல்லாம் முடிச்சிட்டோம்."

"சரி."

"இப்ப வந்துகிறான்."

"யாரு?"

"அதான் சார் தெரியல."

வந்தவன் விமானம் இறங்கியதும் நேராகத் திருமலைக்குப் போய் மொட்டை போட்டுக்கொண்டு, அதற்குப் பிறகுதான் ஊருக்கு வந்திருக்கிறான். தலையில் முடி இல்லை, மீசை இல்லை. போகும்போது குச்சி, வரும்போது இரண்டு ஆள் உடம்பு. முன்பல் மூன்று பளபளவென்று புதுசு, அங்கேயே கட்டிக்கொண்டதாம். முதலாளியிடமிருந்து ஓடிப்போய், இன்னொருவன் கார்டில் வேறு பெயரில் பல வருடம் வேலை பார்த்தேன், என் கார்டு அவனிடம் இருந்தது, செத்தது அவன்தான் என்கிறான். கிணற்று ஆழம் சொல்கிறான், விற்றுப்போன மாட்டின் சுழி சொல்கிறான்.

"எல்லாம் கரெக்டா சொல்றானே?" என்றேன்.

"பக்கத்துக் கட்டில்ல படுத்தவனும் சொல்வான் சார். அங்க வேற இன்னா வேல, ராவெல்லாம் ஊர்க் கதைதான. செத்தது யாரு, வந்தது யாரு? ரெண்டு பேருக்கும் ஒரே கதை தெரியும்."

அந்த அம்மா மடியில் கையை வைத்துக்கொண்டு சொன்னார்: "கொரலு அவன்துதான் நைனா. நடையும் அவன்துதான். சிரிச்சா மட்டும் வேற யாரோ உள்ள இருந்து சிரிக்கிறா மாதிரி கீது. வாயி வேற."

அவர்கள் வீட்டில் ஒரு வழக்கம். காரியம் முடிந்தவன் திரும்பி வந்தால் அவன் வாசலைத் தாண்டக்கூடாது. பெற்றவள் மஞ்சள் தண்ணீர் தெளித்து, பிறந்த குழந்தைக்குச் சொல்வதுபோல் காதில் மூன்று முறை பெயர் சொல்ல வேண்டும். அப்போதுதான் அவன் மறுபடி அந்த வீட்டுப் பிள்ளை. அதுவரை வந்தவன் கழனியில் மோட்டார் கொட்டாயில் இருந்தான். யாரும் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. சோற்றை இலையில் வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுவார்களாம்.

"கூப்ட்டுட வேண்டியதுதானம்மா. புள்ளையா இருந்தா நல்லது. இல்லன்னாலும் ஒண்ணும் குடிமுழுகிப் போகாது."

அவர் என்னை அந்தப் பச்சைக் கண்ணாடி வழியாகப் பார்த்தார். "தப்பான ஆளுக்கு அந்தப் பேரக் குடுத்துட்டா, எம்புள்ள பேரு பூடும். அப்பறம் அவன் பேர் இல்லாம வந்து வாசல்ல நிப்பான். உள்ள எவனோ அவன் பேர்ல உக்காந்து துன்னுகினு இருப்பான். நான் யாருக்குக் கதவத் தொறக்கறது?"

நான் சித்தூரில் பழைய மிஷன் சபையில் வளர்ந்தவன். உயிர்த்தெழுதலைப் பற்றி வாராவாரம் கேட்டிருக்கிறேன். ஆனால் சரிபார்த்துக் கொடு என்று யாரும் என்னிடம் கொண்டுவந்ததில்லை. 'எனக்கு இது தெரியாது' என்று சொல்லியிருந்தால் அன்றோடு முடிந்திருக்கும். நான் எழுந்து, அலமாரியின் மேல் தட்டில் கையை விட்டு, தூசியை ஊதி, அந்தக் கீழ்த்தாடையை எடுத்து மேசைமேல் வைத்தேன். அடியில் என் எழுத்து: ஊர்ப்பெயர், குவைத்.

"வியாழக்கிழமை அவரைக் கூட்டிட்டு வாங்க. முடி கொட்டும், உடம்பு பெருக்கும், பேச்சு மாறும். கீழ்ப்பல் மாறாது," என்றேன். சொல்லும்போதே எனக்கு அந்த வாக்கியம் பிடித்துப்போனது.

வியாழக்கிழமைக்கு இரண்டு நாள் இருந்தது. அந்த இரண்டு நாளும் வேறு வேலை ஓடவில்லை. தாடையை ஜன்னலோரம் வைத்துக்கொண்டு படித்தேன். நான்கு வெட்டுப்பற்களும் இடமில்லாமல் நெருக்கியடித்து நின்றன. வலப்பக்கத்தது ஒன்று வரிசையிலிருந்து நாக்குப் பக்கம் பின்வாங்கி, கல்யாணப் பந்தியில் இடம் கிடைக்காதவனைப்போல் எட்டிப் பார்த்தது. இடப்பக்கம் இரண்டாவது சின்னக் கடைவாய்ப்பல் தன் இருப்பிடத்திலேயே கால் வட்டம் திரும்பி, பக்கத்துப் பல்லுக்கு முதுகைக் காட்டியது. கோரைப்பற்களின் முனை தட்டையாகத் தேய்ந்திருந்தது. தூக்கத்தில் பல்லை நறநறக்கிறவன். கடைவாய்ப்பற்களின் குன்றுகளில் இடப்பக்கத்தவை அதிகம் மழுங்கியிருந்தன. ஒரே பக்கமாக மெல்லுகிறவன். பல்லில் குணம் தெரியாது என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் ஒரு தாளில் எழுதினேன்: 'பிடிவாதக்காரன். எதையும் மனதுக்குள் வைத்துக் கடிக்கிறவன். தான் செய்தது தப்பு என்று சுலபத்தில் ஒப்புக்கொள்ளமாட்டான்.'

அப்போது ஒரு விநோதம் நடந்தது. அந்தத் தாடையை உற்றுப் பார்க்கும்போதெல்லாம் என் வாய்க்குள் என் நாக்கு தானாக நகர்ந்தது. நான் வலப்பக்கம் பார்த்தால் அதுவும் வலப்பக்கம் போனது. அந்தத் திரும்பிய பல்லில் என் கண் நின்றால் அது இடப்பக்கம் போய், அங்கேயே தடவிக்கொண்டு நின்றது. தொழில் பக்தி என்று நினைத்துக்கொண்டேன். புதன்கிழமை சாயங்காலம் அதைத் தினசரித் தாளில் சுற்றி வைத்தேன். மேல்தாடை இல்லாத கீழ்த்தாடைக்கு ஒரு குணம் உண்டு: எப்படி வைத்தாலும் ஏதோ சொல்ல வாயைத் திறந்ததுபோலவே இருக்கும். செத்தவன்தான் நியாயம் கேட்கிறான் என்று ஒரு நிமிடம் தோன்றியது. தோன்றியதும், அந்த நியாயத்தைக் கேட்க நான்தான் சரியான ஆள் என்றும் தோன்றியது.

வியாழக்கிழமை மூவரும் வந்தார்கள். அவன் குனிந்து உள்ளே வந்தான். மொட்டைத் தலையில் முடி மணல்போல் எட்டிப் பார்த்தது. சிரித்தான். அந்த அம்மா சொன்னது சரிதான். மூன்று புதுப் பற்கள் முகத்தைவிட இளமையாக இருந்தன. யாரோ உள்ளிருந்து சிரித்தார்கள்.

"அண்ணா, என்னத் தெரில? ஹாரன் வேல செய்யலன்னா எறங்கிக் கடிக்கணும்னு சொன்னனே."

அந்தப் பேச்சு எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்தது. உடனே, பக்கத்துக் கட்டிலில் படுத்தவனுக்கும் தெரிந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். ஒரு நல்ல நகைச்சுவை குவைத்வரை போகாதா? அதில் எனக்கும் பங்கிருந்ததால், போயிருக்கும் என்றே நம்பினேன்.

வாயைத் திறக்கச் சொன்னேன். கண்ணாடிக் கரண்டியை உள்ளே விட்டேன். வெட்டுப்பற்கள் நான்கும் பள்ளிக்கூடப் பிரேயரில் நிற்பதுபோல் நேராக நின்றன. பின்வாங்கிய பல் இல்லை. திரும்பிய பல் இல்லை. கோரைப்பல் கூராக இருந்தது. பற்களின் குறுக்கே மெல்லிய பழுப்புக் கோடுகள் ஓடின. எங்கள் பக்கத்துச் சில ஊர்த் தண்ணீரின் கைவரிசை அது. நிலைப்பற்களின் மேல்தொப்பி சின்ன வயதிலேயே எலும்புக்குள் உருவாகிவிடும். அந்த வயதில் குடித்த கிணறு அதில் கோடு போட்டுவிடும், அப்புறம் எந்த தேசத்துத் தண்ணீர் குடித்தாலும் அழியாது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த தாயாரின் பல்லிலும் அதே கோடுகள். பார்த்தேன். பார்த்துவிட்டு, சுற்றுவட்டாரம் முழுக்க அதே தண்ணீர்தானே என்று தள்ளினேன். பிளாஸ்டருக்கு நிறம் கிடையாது; எனக்கோ பிளாஸ்டர்தான் சாட்சி.

"நேரா இருக்கற பல்லு வயசானா கோணலாகும்," என்றேன், கிளாஸ் எடுக்கிற குரலில். "கோணலா இருக்கற பல்லு தானா நேராகாது. ஒன்பது வருசத்துக்கு முன்னால கோணல். இப்ப நேர். இது அந்த வாய் இல்லம்மா. இவர் உங்க பிள்ளை இல்லை."

அந்த அம்மா முந்தானையைத் தலைமேல் இழுத்துக்கொண்டார். அவன் மேசைமேல் இருந்த தாடையை எடுத்து, உள்ளங்கையில் வைத்து, கொஞ்ச நேரம் பார்த்தான். அப்புறம் என்னிடம் கேட்டான். கோபமாக இல்லை. பஸ் எங்கே நிற்கும் என்று கேட்பதுபோல்.

"அப்ப நா யாருண்ணா?"

"அது என் டிபார்ட்மெண்ட் இல்லை," என்றேன்.

இதை எழுதும்போது எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை என் மனைவி மத்தியானச் சாப்பாடு கொண்டுவந்தாள். தாடை மேசையில் பில்கள்மேல் கனத்துக்கு வைக்கப்பட்டிருந்தது. அவள் கேரியரைத் திறந்துகொண்டே கேட்டாள்:

"உங்க பல்ல எதுக்கு மேசமேல வச்சிக்கினு கீறீங்க?"

"என் பல்லா? அது செத்துப்போன ஒருத்தனுது."

"செத்துப்போனவனா. பத்து வருசமா எதிர்ல உக்காந்து சோறு போட்டுக்கினு கீறேன், எனக்குத் தெரியாதா? இந்தத் திரும்பன பல்லுல கீர மாட்டிக்கிது, எடுங்க எடுங்கன்னு எத்தினி வாட்டி சொல்லிகிறேன்?"

என் நாக்கு இடப்பக்கம் போனது. அங்கே அந்தப் பல் திரும்பி நின்றுகொண்டிருந்தது.

மெழுகுத் தகடு ஒன்றைச் சுடுநீரில் இளக்கிக் கடித்தேன். கீழ்ப்பற்களின் பள்ளங்களில் அந்தத் தாடையைப் பொருத்தினேன். 'டக்'கென்று உட்கார்ந்தது. பூட்டில் சாவி போட்டால் கேட்குமே, அந்தச் சத்தம். இரண்டு நாள் செத்தவன் வாய் என்று நினைத்து நான் முன்னால் வைத்துக்கொண்டிருந்தது என் வாய்.

அலமாரி முழுவதையும் இறக்கினேன். மேல் தட்டில், சுவரோடு ஒட்டி, இன்னொரு கீழ்த்தாடை. நேரான வெட்டுப்பற்கள், கூரான கோரைப்பற்கள். அடியில் என் பென்சில்: 'சொந்தம். புதுப் பவுடர்.' அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அந்தப் பவுடரை டாக்டர் வாங்கிய அன்று, யார் வாயிலாவது போடுவதற்கு முன் என் வாயிலேயே போட்டுப் பார்த்தேன். பிளேட் வேலை முடிந்தபோது அவனுடையதும் என்னுடையதும் ஒரே பலகைமேல் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. டீ குடித்துவிட்டு வந்து எழுதினேன். மாற்றி எழுதினேன். தன் கீழ்த்தாடையைத் தானே மேலிருந்து பார்த்தவன் உலகத்தில் கிடையாது. முகம் பார்க்கும் கண்ணாடிகூட இடத்தை வலமாகத்தான் காட்டும். இதெல்லாம் சமாதானம். ஒற்றைப் பல்லைத் தடவி இடமா வலமா என்று சொல்கிறவனுக்குத் தன் வாய் தெரியவில்லை.

மனைவி அதற்குள் நான் குணம் எழுதிவைத்த தாளைப் படித்துவிட்டாள். "பல்லுதான் மாறிப்போச்சி. இது மட்டும் கரெக்டா எழுதிகிறீங்க," என்று சொல்லிவிட்டு ரசத்தை ஊற்றினாள்.

மறுநாள் காலை சரியான தாடையைத் துண்டில் சுற்றிக்கொண்டு சென்னை பஸ் ஏறினேன். வடமாலபேட்டையில் இறங்கி, ஷேர் ஆட்டோவில் தொற்றி, கடைசியில் ஒரு மைல் நடந்தேன். வானம் கறுத்து மூடியிருந்தது. வழி கேட்க ஆள் இல்லை. பாதி வீடுகளில் பூட்டு. பூட்டாத வீடுகளில் டிவி ஓடியது. மோட்டார் கொட்டாயைக் கண்டுபிடித்தேன். கதவு திறந்து கிடந்தது. உள்ளே கட்டில் இல்லை, பெட்டி இல்லை. சுவர் ஆணியில் ஒரு சட்டைகூட இல்லை. வாசலில் ஒரு வாழையிலை, காய்ந்து சுருண்டு, நடுவில் நாலு பருக்கை. எறும்பு மொய்த்துக்கொண்டிருந்தது. மோட்டார் ஓடாத கிணறு ஒன்று பக்கத்தில். அதை எட்டிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. 'அப்ப நா யாருண்ணா' என்று கேட்டவனுக்கு நான் சொன்ன பதில் அங்கே நின்றபோது எனக்கே கேட்டது. நான் துண்டை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றேன். கடைசியில் எட்டிப் பார்த்தேன். தண்ணீரில் வானம் தெரிந்தது. ஓரத்தில் என் தலை. வேறு ஒன்றும் இல்லை.

அப்போது வரப்புக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு பெண்குரல் யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிட்டது. அந்தப் பெயரை இங்கே எழுத மாட்டேன். ஆண்குரல் ஒன்று, "இன்னாம்மா?" என்றது.

வேர்க்கடலைக் கழனி. அந்த அம்மாவும் அவனும் பக்கத்துப் பக்கத்து வரிகளில் குனிந்து செடி பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். பிடுங்கி, வேரை உதறி, மண் கொட்டியதும் பின்னால் போட்டுக்கொண்டு முன்னால் நகர்ந்தார்கள். அவன் லுங்கியை மடித்துக் கட்டி, தலையில் துண்டு போட்டிருந்தான்.

நான் வரப்பிலேயே நின்று எல்லாவற்றையும் சொன்னேன். பவுடர், பென்சில், என் வாய், என் முட்டாள்தனம். துண்டைப் பிரித்துத் தாடையைக் காட்டினேன். அந்த அம்மா கையை நிறுத்தவில்லை. அவன் மட்டும் வந்து, மண் கையைத் துடைத்துவிட்டு, அதை வாங்கிப் பார்த்தான். ஒவ்வொரு பல்லாக விரலால் தொட்டு, அதே நேரம் வாய்க்குள் நாக்கால் எண்ணிக்கொண்டான்.

"ஆமாம்மா, என்துதான்," என்றான். "அண்ணா, சின்ன வயசுல எவ்ளோ நல்லா வச்சிகினு இருந்தேன் பாரு." அப்புறம் தாடையை வரப்பின்மேல் வைத்துவிட்டு, விட்ட இடத்தில் குனிந்தான். அது கழனியைப் பார்த்து வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தது.

நான் வந்ததால்தான் எல்லாம் சரியாகப் போகிறது என்று இன்னும் ஓர் ஓரத்தில் நினைத்துக்கொண்டிருந்தேன்போல. "பேர் சொல்லிக் கூப்பிட்டுட்டீங்களா, எப்ப?" என்று அந்த அம்மாவிடம் கேட்டேன்.

"நீ இல்லன்னு சொன்னியே, அன்னிக்கே."

"நான் இல்லன்னு சொன்ன பிறகா?"

"ஆமா. பஸ்ஸு எறங்கி வந்தோம். இவன் பேசாம கொட்டாய்க்குப் போயி உக்காந்துகினான். இந்தாண்ட பாத்தா மேகம் கட்டிகினு வருது. காயி முத்திப் போச்சி. மழ வுழுந்தா மண்ணுலயே மொளச்சிப் பூடும். ஆளக் கூப்ட்டா யாரு வரா? ஒருத்தன் பெங்களூரு, ஒருத்தன் திருப்பூரு, மீதி எல்லாம் குவைத்து. மஞ்சத் தண்ணிய எடுத்துகினு போயி, மூணு வாட்டி சொல்லிட்டேன்."

அந்த ஆறு நாளும் இவனை அந்நியன் என்று நம்பிக்கொண்டேதான் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, வீட்டுக்குள் விட்டு, சோறு போட்டிருக்கிறார்.

"அப்படின்னா," என்றேன், "உங்க சொந்தப் பிள்ளை நிஜமாவே செத்திருந்து, பேர் இல்லாம வாசல்ல வந்து நின்னிருந்தா?"

அந்த அம்மா இடுப்பில் கையை ஊன்றி நிமிர்ந்தார். மேகத்தைப் பார்த்தார். பிடுங்காமல் கிடந்த பக்கத்தைப் பார்த்தார்.

"ஆறு வரி மீதி கீது நைனா," என்றார். "வந்தா அவனயும் எறங்கிப் புடுங்கச் சொல்லு."